வண்டி நல்ல வண்டிதான், டெம்பரேச்சர் முள்தான் வாயைத் திறக்காது

நான் வைத்திருக்கும் அதே மாடல், அதே பெட்ரோல் எஞ்சின் வண்டி ஒன்று செகண்ட் ஹேண்டில் வருகிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். மைலேஜ், டிக்கி அளவு, பின்சீட் வசதி எல்லாம் அவருக்கு ஏற்கெனவே தெரியும். "ரொம்ப சூடாகும்னு சொல்றாங்களே, உண்மையா?" என்பதுதான் அவர் கேள்வி. ரேடியேட்டர் ஃபேன் வேலை முடிந்து வண்டி இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது. கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. அதையும் கழித்துக்கொண்டு படியுங்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த எஞ்சினின் கூலிங் சிஸ்டம் உண்மையிலேயே கெட்டியானது. ஆள் நிறைய ஏற்றி, ஏசி போட்டு, மலைப்பாதையில் இரண்டாவது கியரிலேயே ஏறியிருக்கிறேன். ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை. ரப்பர் ஹோஸ்கள் இன்னும் கம்பெனியில் மாட்டியவைதான், உப்பவும் இல்லை, வெடிக்கவும் இல்லை. எஞ்சின் சூட்டை எடுத்துக்கொண்டு சுற்றிவரும் திரவமான கூலன்டின் அளவு இரண்டு சர்வீசுக்கு நடுவில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இறங்கியதே கிடையாது.

என் சண்டையெல்லாம் டேஷ்போர்டில் இருக்கும் அந்த முள்ளோடுதான்.

எஞ்சின் சூடேறும்வரை முள் மெதுவாக ஏறி நடுக்கோட்டுக்கு வரும். அப்புறம் அங்கேயே உட்கார்ந்துவிடும். வண்டிக் கம்ப்யூட்டரின் எண்களைப் படிக்கும் ஓபிடி ரீடர் ஒன்றைச் செருகி, போனில் கூலன்ட் வெப்பநிலையைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. 80 டிகிரியிலும் முள் நடுவில், 95-இலும் நடுவில், 106-இலும் அதே நடுவில். பழுது இல்லை, வேண்டுமென்றே இப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். இந்த ஒரு வண்டியில் மட்டும் அல்ல, இப்போது வருகிற பல கார்களில் இதே கதைதான். முள் கொஞ்சம் அசைந்தாலும் ஓட்டுபவர் பயந்துவிடுவார் என்று, ஒரு பெரிய இடைவெளி முழுக்க முள் அசையாதபடி மென்பொருளில் பூட்டிவிடுகிறார்கள். கம்ப்யூட்டருக்குச் சரியான எண் தெரியும், ஃபேனை அது அந்த எண்ணை வைத்துத்தான் போடுகிறது. நமக்கு மட்டும் சொல்லாது. முள் கிளம்பிவிட்டது என்றால் யோசிக்க நேரம் இல்லை, ஓரங்கட்ட வேண்டியதுதான்.

இன்னொன்றும் உண்டு. கூலன்ட் ஒழுகித் தீர்ந்து, சென்சார் வெறும் காற்றில் நின்றால், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் கீழே இறங்கக்கூடும். "அப்பாடா, சூடு குறைஞ்சிடுச்சு" என்று மேலே ஓட்டினால் எஞ்சினின் மேல்பாகமான ஹெட் வளைந்துவிடும்.

சரி, பழுதுக்கு வருகிறேன். ஆரோக்கியமாக இருந்த காலத்தில் ஓடும் வண்டியில் எண் 88, 90 என்று ஆடாமல் நிற்கும். சிக்னலில் நின்றால் ஏறும், 96 ஆனதும் ஃபேன் ஓடும், 91-க்கு இறங்கும், ஃபேன் நிற்கும். இப்படி ஏறி இறங்குவதுதான் சரியான நடை. திடீரென்று ஒரு சமயத்தில் நெரிசலில் நின்றால் 104, 105 வரை போய், அப்புறம் ஃபேன் அலறிக்கொண்டு கிளம்ப ஆரம்பித்தது. வண்டி நகர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும்.

பட்டறையில் முதலில் தெர்மோஸ்டாட்டை, அதாவது எஞ்சின் சூடேறியதும் திறந்து கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வை, மாற்றினார்கள். குறையவில்லை. அடுத்து வாட்டர் பம்ப். அதுவும் இல்லை. பிறகு ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கும் என்றார்கள். நடுவில் ஒருவர், "தெர்மோஸ்டாட்டையே கழட்டி விட்டுடலாம் சார், அப்புறம் சூடே ஆகாது" என்றார். இந்த யோசனை எல்லாப் பட்டறைகளிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கழற்றினால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும். கம்ப்யூட்டர் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும், பி0128 என்ற பழுதுக் குறியீடு வந்து எஞ்சின் விளக்கும் எரியும். உண்மையான பழுதோ அப்படியே இருக்கும்.

எனக்கு எரிச்சல் வந்தது இதில்தான்: கொஞ்சம் நின்று யோசித்திருந்தால் இந்த மூன்றில் எதுவுமே இல்லை என்று தெரிந்திருக்கும். தெர்மோஸ்டாட் மூடியபடி மாட்டிக்கொண்டால் வண்டி ஓடினாலும் சூடாகும், நின்றாலும் சூடாகும். ரேடியேட்டர் அடைத்திருந்தாலோ பம்ப் சரியாகத் தள்ளாவிட்டாலோ, ஏற்றத்திலும் வேகத்திலும்தான் முதலில் தெரியும், ஏனென்றால் எஞ்சின் அதிகச் சூட்டைக் கக்குவது அங்கேதான். நின்றால் சூடு, ஓடினால் சரி என்றால் காற்று போதவில்லை என்று அர்த்தம். ஓடும்போது காற்று தானாக வருகிறது. நிற்கும்போது அதைக் கொடுக்க வேண்டியது ஃபேன்.

இதைச் சொன்னால், "ஃபேன்தான் ஓடுதே சார், பாருங்க" என்று காட்டுவார்கள். ஓடத்தான் செய்தது. அதோடு முள்ளும் நடுவில் நின்றது. "மீட்டர் நார்மல்தான் காட்டுது" என்றதும் என் பேச்சு அங்கே எடுபடவில்லை. போனில் 105 என்று காட்டினால், அந்த ரீடரை நம்ப முடியாது என்றார்கள். பழுதைக் கண்டுபிடிக்க உதவ வேண்டிய மீட்டர், எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

விடை ஏசியிடமிருந்து வந்தது. அதே சமயத்தில்தான் சிக்னலில் நின்றால் ஏசி காற்று வெதுவெதுப்பாக வருவதும், வண்டி கிளம்பினால் மறுபடி ஜில்லென்று ஆவதும் ஆரம்பித்திருந்தது. கேஸ் குறைந்திருக்கும் என்று அதைத் தனிப் புகாராக எழுதி வைத்திருந்தார்கள். ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டென்சர் ரேடியேட்டருக்கு நேர் முன்னால் நிற்கிறது, இரண்டுக்கும் ஃபேன் ஒன்றுதான். ஏசி போட்டால் இந்த வண்டியில் ஃபேன் குறைந்த வேகத்தில் உடனே சுற்ற வேண்டும். பானெட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டுவிட்டுப் பார்த்தேன். ஃபேன் அசையவே இல்லை. சூடு 105-ஐத் தொட்டபோதுதான் முழு வேகத்தில் கிளம்பியது.

இந்த ஃபேனுக்கு இரண்டு வேகம். முழு வேகத்துக்குக் கரன்ட் ரிலே வழியாக நேராகப் போகும், குறைந்த வேகத்துக்குக் கரன்டைக் குறைக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாகப் போகும். அந்த ரெசிஸ்டர் எரிந்துவிட்டால் குறைந்த வேகம் மட்டும் செத்துப்போகும். மோட்டார் நன்றாக இருக்கும், ஃபியூஸ் நன்றாக இருக்கும், "ஃபேன் ஓடுதே" என்பதும் பொய்யாக இருக்காது. வேறு ஒரு எலக்ட்ரீஷியன் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்து, கரன்ட் உள்ளே வருகிறது, வெளியே போகவில்லை என்று சொல்லிவிட்டார். விரல் நீளம் கூட இல்லாத ஒரு சாமான். மாற்றியதும் ஏசி புகாரும் அதோடு தீர்ந்தது.

இப்போது நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். வண்டி ஒருமுறைகூட ஓவர்ஹீட் ஆகவில்லை. கூலன்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் திறந்த பாத்திரத்திலேயே ஏறக்குறைய 107 டிகிரியில்தான் கொதிக்கும். கூலிங் சிஸ்டத்தின் மூடி 1.1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் அது 129 பக்கம் போகிறது. அந்தக் கணக்கில் 105 என்பது பயப்படவேண்டிய எண்ணே இல்லை. முள்ளை நடுவில் பூட்டி வைத்தவர்களிடம் கேட்டால் இதைத்தான் சொல்வார்கள், அதில் தப்பும் இல்லை. ஆனால் அந்தக் கணக்கு மூடியின் ரப்பர் நன்றாக இருந்து, கலவையும் சரியாக இருந்தால்தான் செல்லும். வெறும் தண்ணீராகவே ஊற்றி வந்த வண்டியில், மூடியும் அழுத்தத்தைப் பிடிக்காவிட்டால், 100-லேயே கொதிதான். எது எப்படி இருக்கிறதென்று முள்ளைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

தெர்மோஸ்டாட் மாற்றியபோது கூலன்டுக்குள் மாட்டிய காற்றைச் சரியாக எடுக்காமல் விட்டதையும் சொல்ல வேண்டும். டேஷ்போர்டுக்குப் பின்னால் தண்ணீர் கொடகொடவென்று சத்தம். போனில் எண் ஏறுகிறது, ஹீட்டரைப் போட்டால் குளிர்ந்த காற்று வருகிறது. ஹீட்டர் என்பது ஒரு குட்டி ரேடியேட்டர். எஞ்சின் சூடாக இருந்தும் அதில் சூடு வரவில்லை என்றால், உள்ளே கூலன்ட் போகவில்லை, காற்று அடைத்திருக்கிறது அல்லது கூலன்டே குறைவு. திரும்பக் கொண்டுபோய்க் காற்றை எடுத்த பிறகுதான் சரியானது.

நண்பருக்குச் சொன்னது: வண்டியைப் பார்க்கப் போகும்போது எஞ்சின் ஆறிக்கிடக்க வேண்டும், முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆறியிருக்கும்போது மட்டும் கூலன்ட் மூடியைத் திறங்கள், சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும். கூலன்ட் துருநிறமாக இருக்கக் கூடாது, மேலே எண்ணெய் மிதக்கக் கூடாது. மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்து, சூடேறும் முன்பே மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலோ, கூலன்ட் டேங்கில் குமிழி நிற்காமல் வந்தாலோ, ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கட் மேல் சந்தேகப்படுங்கள். அதை உறுதி செய்ய நீல நிறத் திரவம் வைத்த ஒரு சோதனை உண்டு. டேங்கின் வாயில் வைத்து அங்கிருக்கும் காற்றை அதற்குள் இழுத்தால், எரிந்த புகை கலந்திருக்கும்போது மஞ்சளாகிவிடும். அப்புறம் ஏசியைப் போட்டுவிட்டு ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறதா என்று பாருங்கள். ஏசியை அணைத்து, ஃபேன் இரண்டு தடவை தானாக ஓடி நிற்கும்வரை போனில் எண்ணைப் பார்த்துக்கொண்டே நில்லுங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் படுத்தட்டும்.

கூலிங் சிஸ்டத்துக்கு மட்டும் மார்க் போடச் சொன்னால் பத்துக்கு ஒன்பது தாராளமாகப் போடுவேன். இதே வண்டியை மறுபடி வாங்குவாயா என்றால், இன்றைக்கு என் பதில் மாட்டேன். எண்ணைத் தெரிந்து வைத்துக்கொண்டு சொல்லாத மீட்டரோடு இன்னொரு ரவுண்டு சண்டை போட எனக்குத் தெம்பில்லை. நண்பர் வாங்கினால் வாங்கட்டும், அந்த ரெசிஸ்டரை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளட்டும். என் வண்டியை அவருக்கே கொடுத்துவிடேன் என்றும் கேட்டார். கொடுக்க மாட்டேன்.