பெரியம்மாவின் தலைசுற்றலும் கண்டி கிளினிக்கும்

உட்செவியில் லேசர் சத்திரசிகிச்சை செய்தால் தலைசுற்றல் நிற்குமாம், இலங்கையில் அதற்கு வசதி உண்டா என்று கனடாவில் இருக்கும்போதே விசாரித்து வைத்திருந்தேன். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் பெரியம்மாவுக்காகத்தான். கொழுந்துக் கூடையோடு செங்குத்தான மலையில் ஏறி இறங்கியவர், இப்போது லயத்து வாசற்படி இறங்கவே சுவரைப் பிடிக்கிறார். வலப்பக்கம் புரண்டு படுத்தால் கூரை சுழல்கிறதாம்.

தோட்டத்து மருந்தகத்தில் பிரஷர் என்று மாத்திரை கொடுத்திருந்தார்கள். தனியார் நிலையம் ஒன்றில் தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். கோளாறு எதுவும் இல்லை, பணம்தான் போனது. எந்தப் பக்கம் புரண்டால் சுற்றுகிறது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

விடியுமுன் வேன் பிடித்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டிக்குப் போனோம். தலைசுற்றல்காரரை அந்த வளைவுகளில் கொண்டுபோவது தனிக் கொடுமை. அரசாங்க வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டை கிளினிக்கில் வரிசை நீளம். சிங்களத்தில் கூப்பிட்ட இலக்கங்களைப் பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் தமிழில் சொல்லித் தந்தார்.

வைத்தியர் கேட்ட முதல் கேள்வியே, எந்தப் பக்கம் என்பதுதான். தலையை 45 பாகை திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்துக் கண்களைப் பார்த்தார். சில நொடிகளில் கருவிழிகள் துடித்தன. உட்செவியின் சுண்ணாம்புத் துகள்கள் இடம் பெயர்ந்து, சமநிலையை உணரும் அரைவட்டக் கால்வாய்க்குள் விழுந்திருக்கின்றன என்றார். அவற்றை வெளியே கொண்டுவர உடனே அதே கட்டிலில் எப்லி முறைச் சிகிச்சை: தலையைப் படிப்படியாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடமளவு வைத்திருந்து, கடைசியில் எழுப்பி உட்கார வைத்தார். அமெரிக்க வைத்தியர் ஜோன் எப்லி 1992இல் வெளியிட்ட முறை. கத்தியும் இல்லை, கட்டணமும் இல்லை.

லேசரைப் பற்றியும் கேட்டேன். காதின் பின்புற எலும்பைக் குடைந்து அந்தக் கால்வாயை அடைக்கும் சத்திரசிகிச்சை அது. சிலர் ஆர்கன் லேசரையும் பயன்படுத்துகிறார்கள். எப்லி சிகிச்சையைப் பலமுறை செய்தும் குணமாகாத வெகு சிலருக்கே தேவைப்படும், கேட்கும் திறன் குறையும் ஆபத்தும் உண்டு என்றார்.

சிகிச்சை இலவசம்தான், வேனுக்குக் கொடுத்ததோ ஒரு தோட்டத் தொழிலாளியின் பல நாள் சம்பளம். கட்டில் ஒன்று போதும் இந்த வைத்தியத்துக்கு; அது தோட்டத்து மருந்தகத்திலும் கிடக்கிறது. தலைசுற்றல் திரும்பவும் வரலாம் என்றார் வைத்தியர். வந்தால் வீட்டிலேயே எப்படிச் செய்வது என்று அக்காவுக்குக் காட்டிக்கொடுத்தார்.