கம்பியா, தகடா, வெளிக்கூடா, பரிகாரியா?

வெள்ளாமை வெட்டு நேரம். மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கம், இரவு எட்டு மணிக்கு, பின்னுக்கு லைட் இல்லாமல் போன லேண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெஷின்) பெட்டியில் மச்சான் மோட்டார் சைக்கிளோடு போய் அடித்து வாய்க்காலுக்குள் விழுந்தான். இடது கணைக்கால் எலும்பு மூன்று துண்டு. ஒரு துண்டின் முனை தோலைக் கிழித்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போயிருந்தது. காயம் மூன்று சென்ரிமீற்றர்கூட வராது. ஓடி வந்த ஒருவர் நல்ல மனதோடு கோப்பித்தூளை அள்ளி வைத்து அமத்திவிட்டார். தியேட்டரில் அதைக் கழுவி எடுத்தவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ!

மறுநாள் வீட்டில் ஆளுக்கொரு கதை. மாமி பரிகாரியிடம், அதாவது நாட்டு வைத்தியரிடம், கொண்டுபோவோம் என்றார், பெரியண்ணன் எலும்பின் மேல் வைத்து ஸ்குரூ பூட்டுகிற தகடுதான் பலம் என்றார், பக்கத்துக் கட்டில்காரர் தன் காலைக் காட்டி எலும்புக்குள் இறக்குகிற கம்பி என்றார். “எது கா திறம்?” என்றுதான் வார்ட்டில் எல்லோரும் எல்லோரையும் கேட்கிறார்கள். ஏழு மாதம் அவனோடு கிளினிக்குக்கு அலைந்ததில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: எக்ஸ்ரேயில் தெரிகிற எலும்பைவிட, எக்ஸ்ரேயில் தெரியாத சதையும் தோலும்தான் வைத்தியத்தை முதலில் தீர்மானிக்கின்றன.

கணைக்காலின் முன்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், தோலுக்கு அடியில் நேரே எலும்பு. அதனால்தான் அங்கே முறிந்தால் சுலபமாக வெளியே வந்துவிடுகிறது. கஸ்டிலோ, அண்டர்சன் என்ற இருவர் 1976இல் வகுத்த தரப்படி, 1 சென்ரிமீற்றருக்குக் குறைந்த சுத்தமான காயம் முதலாம் வகை. பெரிய காயமும் நசுங்கிய சதையும் மூன்றாம் வகை. ஆனால் வயல் சேறு பட்டிருந்தால், காயம் சின்னது என்று பார்ப்பதில்லை, மூன்றாம் வகைக்குரிய கவனத்தோடுதான் எடுக்கிறார்கள். மச்சானுக்கு நடந்தது அதுதான். முதலில் கிருமிகொல்லி மருந்து (அதை ஒரு மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் நல்லது), ஏற்பு ஊசி, லீற்றர் கணக்கில் சேலைன் விட்டுக் கழுவல். எலும்பு எல்லாம் மறுகாதான்.

பரிகாரியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தோல் கிழியாத, விலகாத முறிவுக்கு அசையாமல் கட்டி வைப்பதுதான் வைத்தியம், கைபழகிய முறிவு வைத்தியர் அதை அழகாகச் செய்வார், எங்கள் தெருவிலேயே அப்படிச் சுகமான கைகள் இருக்கின்றன. ஆனால் வெளியே வந்த எலும்புக்கு எண்ணெயும் பத்தும் வைத்துக் கட்டினால் சேற்றை உள்ளே வைத்துத் தைத்த மாதிரி. இன்னொன்று, இது இன்னும் பயம்: காலுக்குள் சதை இறுகிய உறைகளுக்குள் இருக்கிறது, வீங்க இடமில்லை. அதற்கு மேல் மூங்கில் பத்தையை இறுக்கினால் இரத்தம் போகாது, சில மணித்தியாலத்தில் சதை சாகத் தொடங்கிவிடும். யாராவது கால்விரலை மெல்ல மேலே வளைத்தாலே உயிர் போகிற வலி வந்தால் கட்டை அவிழ்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், அது ஆஸ்பத்திரியில் போட்ட பிளாஸ்டராக இருந்தாலும் அதே கதைதான்.

வெளிக்கூடு பார்க்கப் பயங்கரம். எலும்பில் ஏற்றிய ஊசிகள் தோலுக்கு வெளியே நிற்கும், அவற்றை ஒரு தண்டு பிடித்திருக்கும். மாமி முதல்நாள் அதைப் பார்த்து அழுதே விட்டார். ஆனால் காயத்தைத் தொடாமல் எலும்பைப் பிடித்து வைக்க அதைவிட வழியில்லை. அனேகம் பேருக்கு அது தற்காலிகம். சதை தேறியதும் கழற்றிவிட்டு உள்ளே கம்பி வைப்பார்கள். அதிக நாள் இழுத்தால் ஊசித் துளை வழியே கிருமி எலும்புக்குள் இறங்கும், அதனால் இரண்டு கிழமைக்குள் மாற்றப் பார்ப்பார்கள். ஒரு துண்டு எலும்பே போய்விட்டவர்களுக்கு வளையக்கூடு, சைபீரியாவின் குர்கான் நகரில் இலிசரோவ் என்ற வைத்தியர் கண்டுபிடித்தது. நாளைக்கு 1 மில்லிமீற்றர், அதுவும் நான்கு தடவையாகத் திருக, இடைவெளியில் புது எலும்பு வளரும். ஒரு சென்ரிமீற்றருக்கு ஒரு மாதத்துக்கு மேல் கூட்டோடு இருக்க வேண்டும். பொறுமை இல்லாதவனுக்கு ஆகாது.

சரி, கம்பியா தகடா. எலும்பின் நடுப்பகுதி முறிந்தால் நான் கம்பிப் பக்கம். முழங்காலடியில் சின்னதாக வெட்டி எலும்பின் குழலுக்குள் இறக்கி, மேலும் கீழும் ஸ்குரூ போட்டுப் பூட்டுகிறார்கள். பாரம் நடுவால் இறங்குவதால், பெரும்பாலும் சீக்கிரம் கால் ஊன்ற விடுகிறார்கள். உழைத்துத்தான் சாப்பிட வேண்டும் என்கிற வீட்டுக்கு அது பெரிய விஷயம். ஒரு குறை, அதை முன்கூட்டியே யாரும் சொல்வதில்லை: பலருக்கு முழங்கால் முன்பக்கம் நோகும். மண்டியிடுவது, தொழுவது, நிலத்தில் குந்தி இருந்து வேலை செய்வது எல்லாம் கஷ்டமாகலாம்.

மூட்டுக்குள் வெடித்த முறிவென்றால் பேச்சே இல்லை, தகடுதான். அங்கே மேற்பரப்பு சரியாகப் பொருந்தாவிட்டால் மூட்டுத் தேய்ந்து பின்னர் வருத்தும். அதற்கு சீடி ஸ்கேன் வேண்டும், வீக்கம் வற்றித் தோலில் சுருக்கம் தெரியும்வரை ஒன்றிரண்டு கிழமை காத்திருக்கவும் வேண்டும். “ஏன் இன்னும் தியேட்டருக்கு எடுக்கவில்லை” என்று தாதியோடு சண்டை பிடிக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள், வீங்கிய தோலை வெட்டினால் அது மூடாது, தகடு வெளியே தெரியும். பிறகும் ஆறு முதல் பன்னிரண்டு கிழமை கால் ஊன்றக் கூடாது.

எதை வைத்தாலும் சிகரெட் எலும்பு பொருந்துவதைப் பிந்த வைக்கும். மச்சானிடம் டொக்டர் அதைச் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன், அவன் முகட்டைப் பார்த்தான்.

அவனுக்கு முதல்நாள் வெளிக்கூடு, ஒன்பதாம் நாள் கம்பி. ஐந்தாம் மாதம் எக்ஸ்ரேயில் எலும்பைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு மாதிரிப் புது எலும்பு தெரிந்தது. ஏழாம் மாதம் வரம்பில் நடந்தான். கோயிலில் மட்டும் இன்னும் ஒரு காலை நீட்டித்தான் இருக்கிறான், அதைப் பார்க்கும்போதெல்லாம் மாமி பரிகாரி பேச்சை எடுக்கிறார்.