இதயக் கட்டி: வெட்டி எடுப்பதா, இதயத்தையே மாற்றுவதா?

இதயத்திலேயே தொடங்கும் கட்டிகள் மிக அபூர்வம். அவற்றிலும் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. பெரியவர்களிடம் அதிகம் காணப்படும் மிக்சோமா, மேலறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் காம்பு விட்டுத் தொங்கும். ஒட்டியிருக்கும் இடத்தோடு சேர்த்து வெட்டினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. ஸ்டாக்ஹோமில் க்ளாரன்ஸ் க்ராஃபோர்ட் இதை 1954-லேயே செய்து காட்டிவிட்டார். குழந்தைகளுக்கு வரும் ராப்டோமயோமா பல நேரம் தானாகவே சுருங்கிவிடும். இவர்களுக்கு மாற்று இதயம் பற்றிய பேச்சே பொதுவாக எழாது.

சிக்கல் வருவது சார்கோமா என்ற புற்றுநோய்க் கட்டியில். அது சுவருக்குள் ஊடுருவிப் பரவுவதால், ஓரத்தில் துளிகூட மிச்சம் வைக்காமல் வெட்டுவது கடினம். அப்படியானால் இதயத்தையே மாற்றிவிட்டால் என்ன? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிறர் இதயத்தை உடல் நிராகரிக்காமல் இருக்க, டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகளால் எதிர்ப்புச் சக்தியை ஆயுள் முழுக்க அடக்கி வைக்க வேண்டும். நுரையீரலில் கண்ணுக்குத் தெரியாமல் நாலு புற்று செல்கள் தங்கியிருந்தாலும், அவற்றைத் தடுக்கும் காவலையே நாம் விலக்கிவிடுகிறோம். வலது மேலறையில் அதிகம் வரும் ஆஞ்சியோசார்கோமா என்ற சார்கோமா வகை, கண்டுபிடிக்கும்போதே பலருக்கு வேறு உறுப்புகளுக்குப் பரவியிருக்கும். உடல் முழுக்கப் புற்றைத் தேடும் பெட் (PET) ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும் முழுதாக நம்ப முடியாது. போதாததற்கு, தானமாக ஓர் இதயம் கிடைக்கும்வரை காத்திருக்கவும் வேண்டும். வேகமாக வளரும் கட்டி அதுவரை பொறுக்காது.

இரண்டுக்கும் நடுவே இன்னொரு வழி உண்டு: சுய இதயமாற்று. நோயாளியின் இதயத்தையே வெளியே எடுத்து, குளிர்ந்த திரவத்தில் வைத்து, கட்டியை வெட்டி, மாட்டின் இதய உறைத் திசுவால் சுவரைச் சீரமைத்து, திரும்பப் பொருத்துவார்கள். இடது மேலறையின் பின்சுவர், மார்புக்குள் இருக்கும்போது கத்திக்கு எட்டாத மூலை. வெளியே எடுத்துவிட்டால் எல்லாப் பக்கமும் தெரியும். ஹூஸ்டனில் மைக்கேல் ரியர்டன் 1998-ல் சார்கோமாவுக்கு இதை வெற்றிகரமாகச் செய்தார். சொந்த இதயம்தான் என்பதால் நிராகரிப்பும் இல்லை, அடக்கும் மருந்தும் இல்லை; அப்புறம் கீமோவுக்கும் தடையில்லை. ஆனால் நுரையீரல் ஒன்றையும் சேர்த்து எடுக்க நேர்ந்தால் உயிராபத்து மிக அதிகம். கீழறைத் தசையில் ஆழமாக இறங்கிய கட்டிக்கும் இது உதவாது. தசையை வெட்டிவிட்டால் எது ரத்தத்தைத் தள்ளும்?

இடது மேலறை சார்கோமா என்றால், அனுபவமுள்ள குழு கிடைக்கும் பட்சத்தில் நான் சுய மாற்றின் பக்கமே நிற்பேன். பிறர் இதயம் உண்மையில் பொருந்துவது வேறு ஒருவருக்கு: கீழறையை அடைத்து வளர்ந்து, வெட்டினால் தசையே மிஞ்சாது என்ற நிலையிலுள்ள பெரிய ஃபைப்ரோமா நோயாளிக்கு. அது புற்றுநோய் இல்லை, வேறெங்கும் பரவாது. பழைய இதயத்தோடு நோயும் வெளியேறிவிடும். ஆஞ்சியோசார்கோமாவில் மாற்று இதயம் வைத்தவர்களுக்கு, வேறு வகைக் கட்டிக்காரர்களைவிடப் பலன் மிகக் குறைவு. மற்ற சார்கோமாக்களில், எங்கும் பரவவில்லை என்று திரும்பத் திரும்பச் சோதித்து உறுதி செய்த சிலருக்கு மட்டும் யோசிக்கலாம்.