மலைக் கல்லூரியில் புள்ளியியல் வீட்டுப்பாடம்: எந்த மென்பொருள் கைகொடுக்கும்?

நீலகிரிக் கல்லூரிகளில் முதலாமாண்டு புள்ளியியல் தொடங்குவதும் மழை தொடங்குவதும் ஏறக்குறைய ஒரே சமயம். ஜூன், ஜூலையில் கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் தென்மேற்குப் பருவமழை. அது ஓய்ந்தால் அக்டோபர், நவம்பரில் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்கு. கம்பி மேல் ஒரு மரம் சாய்ந்தால் கரண்ட் போகும், பின்னாலேயே டவரும் போகும். ஹட்டிக்கோ (படகர் ஊர்) எஸ்டேட் லைன் வீட்டுக்கோ போய்ச் சேர்ந்த மாணவருக்கு அன்றிரவு இணையம் கிடையாது. ஆகவே வீட்டுப்பாட மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு கேள்விகளைத்தான் முதலில் கேட்க வேண்டும். சிக்னல் இல்லாதபோது அது வேலை செய்யுமா? தவறான எண்ணைப் போட்டவருக்கு எங்கே பிசகினார் என்று சொல்லுமா?

ஒரே கணக்கை எல்லாவற்றிலும் போட்டுப் பார்ப்போம். ஒருவர் ஐந்து நாளில் பறித்த தேயிலைக் கொழுந்து 18, 22, 25, 19, 26 கிலோ. மாதிரித் திட்டவிலக்கம் என்ன? சராசரி 22, விலக்கங்களின் வர்க்கக் கூட்டல் 50. இது மாதிரி என்பதால் ஐந்தில் ஒன்று குறைத்து 4-ஆல் வகுத்தால் 12.5, வர்க்கமூலம் 3.5355. 4-க்குப் பதில் 5-ஆல் வகுத்தவருக்கு 3.1623 வரும். கேசியோ எஃப்எக்ஸ்-82 எம்எஸ் கால்குலேட்டரில் இந்த இரண்டும் 2, 3 என்று அடுத்தடுத்த எண்களில் இருக்கின்றன. 3-க்குப் பதில் 2-ஐ அழுத்துவது வகுப்பில் அன்றாடம் நடப்பதுதான்.

கூகுள் ஃபார்ம்ஸ் எல்லாரும் முதலில் எடுப்பது. செலவில்லை, பத்து நிமிடத்தில் தயார். ஆனால் குறுவிடையை அது எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. 3.54 என்பதைச் சரியான விடையாக வைத்தால் 3.536 தவறு, "3.54 கிலோ"வும் தவறு. நிகழ்தகவுக் கணக்கில் 0.09 சரியென்றால் .09 தவறு. ஏற்கக்கூடிய வடிவங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகலாம், அப்போதும் ஏதாவது விட்டுப்போகும். வகுப்புக்கே ஒரே எண்கள் என்பதால், முதலில் முடித்தவரின் விடை வாட்ஸ்அப் குழுவில் சுற்ற ஐந்து நிமிடம் போதும். "இந்தத் தரவுக்குச் சராசரி பொருந்துமா, இடைநிலை பொருந்துமா" போன்ற தேர்ந்தெடுக்கும் கேள்விகளுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்வது நல்லது.

வெப்வர்க் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1990-களில் கணிதத்துக்காக எழுதப்பட்டது. இலவசம், கேள்வி வங்கியும் பெரியது, ஒவ்வொருவருக்கும் வேறு எண்கள் தரும். சிக்கல் தசமத்தில். அதன் வழக்கமான தளர்வு, அதாவது விடை எவ்வளவு விலகினாலும் ஏற்கும் என்ற அளவு, விடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் கணக்குக்கு 3.532 முதல் 3.539 வரை ஏற்கும். அதாவது இரண்டு தசமத்துக்குச் சரியாக முழுமையாக்கி 3.54 என்று போட்டவர் தோற்றுப்போவார். கணக்கைச் சரியாகச் செய்த பிள்ளையிடம் தவறு என்று சொல்வதைவிடப் பெரிய கெடுதல் வீட்டுப்பாடத்தில் இல்லை. தளர்வை மாற்றலாம்தான். ஆனால் கேள்விகள் பெர்ல் என்ற நிரல்மொழி சார்ந்த மொழியில் எழுதப்பட்டவை, சர்வரும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஆளிருக்கும் துறைக்கே இது சரிவரும்.

மைஓப்பன்மேத் தளத்துக்கு சர்வர் தேவையில்லை, மாணவருக்குக் கட்டணமும் இல்லை. தவறினால் அதே கணக்கை வேறு எண்களோடு மறுபடி போடலாம். பழகுவதற்கு இது அருமையான வசதி. கேள்விகள் ஆங்கிலத்தில், டாலரிலும் மைலிலும் இருக்கும். தமிழ்வழியில் படித்து வந்தவர் புள்ளியியலுக்கு முன்னால் வாக்கியத்தோடு மல்லுக்கட்டுவார். இணைப்பும் கட்டாயம். பியர்சனின் மைலேப் போன்ற கட்டண மென்பொருள் அந்தப் பதிப்பகத்தின் பாடநூலோடு ஒட்டியது. பாடத்திட்டம் அந்த நூலில் இல்லாதபோது மாணவரைப் பணம் கட்டச் சொல்ல நியாயம் இல்லை.

மிஞ்சுவது மூடுல், பாடங்களையும் வினாடிவினாக்களையும் இணையத்தில் நடத்தும் இலவச மென்பொருள். மலைக்கு இதுதான் பொருத்தம் என்பது என் தீர்மானமான கருத்து, காரணம் அதன் கைப்பேசிச் செயலி. வினாடிவினா அமைப்பில் இணைப்பின்றி எழுத அனுமதிக்கும் தேர்வை இயக்கிவிட்டால், மாணவர் கல்லூரி வைஃபையில் இறக்கிக்கொண்டு வீட்டில் எழுதலாம், பிறகு இணைப்புள்ள இடத்தில் அனுப்பலாம். நிபந்தனை உண்டு: நேர வரம்பு வைக்கக்கூடாது, மதிப்பெண்ணும் பின்னூட்டமும் சமர்ப்பித்த பிறகே வரும்படி அமைக்க வேண்டும். உடனடித் திருத்தம் வேண்டுமென்றால் இணைப்பு வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. இன்னொன்றையும் மாணவரிடம் சொல்லிவிடுங்கள். அண்ணன் போனில் எழுதிய விடை அனுப்பும்வரை அந்தப் போனிலேயே இருக்கும். வேறு போனில் திறந்தால் காணாது.

எண் விடைக் கேள்வியை மூடுலில் இப்படி அமைக்கலாம். முதல் விடை 3.5355, ஏற்கும் பிழை 0.05, முழு மதிப்பெண், 3.5 என்று போட்டவரும் தப்பிப்பார். இரண்டாவது விடை 3.1623, பிழை 0.02, கால் மதிப்பெண், "5-ஆல் வகுத்திருக்கிறீர்கள், இது மாதிரி, 4-ஆல் வகுக்க வேண்டும்" என்று பின்னூட்டம். மூன்றாவது 12.5, "வர்க்கமூலம் எடுக்கவில்லை". அலகு போடாமல் எண்ணை மட்டும் எழுதச் சொல்லிக் கேள்வியிலேயே குறிப்பிடுங்கள். இதே கேள்வியை வேறு தரவுகளோடு ஐந்தாறு பிரதி எடுத்து கேள்வி வங்கியில் ஒரே பிரிவில் போட்டு, அதிலிருந்து ஒன்றைத் தற்செயலாக எடுக்கச் சொன்னால் வாட்ஸ்அப் விடை உதவாது.

எண்களைத் தானே மாற்றும் 'கால்குலேட்டட்' வகையும் இருக்கிறது. ஆனால் இயல்நிலைப் பரவலின் நிகழ்தகவைக் கணக்கிடும் சார்பு அதில் இல்லை. அதற்குப் புள்ளியியலுக்கான ஆர் நிரல்மொழியின் 'எக்ஸாம்ஸ்' தொகுப்பில் கேள்வி தயாரித்து மூடுலுக்குள் ஏற்றலாம். தளர்வை மறக்காதீர்கள்: சராசரி 22, திட்டவிலக்கம் 3 என்றால் 26-க்கு மேல் வரும் நிகழ்தகவு (26 − 22) ÷ 3 = 1.33 என்று முழுமையாக்கி அட்டவணையில் பார்த்தவருக்கு 0.0918, கணினிக்கு 0.0912. பிழை 0.001 வைத்தால் இரண்டும் தேறும்.

இந்த மென்பொருள்கள் தாமாகத் திருத்த முடியாதது ஒன்று உண்டு. கருதுகோள் சோதனை முடிவைச் சொந்த வாக்கியத்தில் எழுதுவது. "இன்மைக் கருதுகோளை (வேறுபாடோ விளைவோ இல்லை என்ற தொடக்க அனுமானத்தை) நிராகரிக்கப் போதிய சான்று இல்லை" என்பதை "அது உண்மை என நிரூபணமானது" என்று எழுதும் பிழை தாளில்தான் தெரியும். வாரம் ஒரு கேள்வி தாளில் இருக்கட்டும்.

கெடுவை ஞாயிறு இரவில் வைக்க வேண்டாம். திங்கள் காலை வெளியிட்டு அடுத்த வாரம் புதன் மாலை 4 மணிக்கு மூடினால், சனி, ஞாயிறு சிக்னலே இல்லாதவரும் திங்களோ செவ்வாயோ கல்லூரிக்கு வந்து அனுப்பிவிடலாம். பேருந்து ஓடாத நாள் வந்தால் மூடும் நேரத்தை ஒருவருக்கு மட்டும் தனியாக நீட்டிக்கும் வசதியும் மூடுலில் உண்டு.