மணிலா அரனேட்டா கொலீசியம்: ஒரு டிக்கெட்டில் இரண்டு ஆட்டம்

கப்பலிலிருந்து இறங்கி ஊருக்கு விமானம் ஏறுவதற்கு முன் மணிலாவில் இரண்டு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. என்னோடு சைன் ஆஃப் ஆன, அதாவது வேலைக்காலம் முடிந்து இறங்கிய, பிலிப்பினோ ஆயிலர் (என்ஜின் அறைத் தொழிலாளி) அறைக் கதவைத் தட்டி, என் பதவிப் பெயரைச் சொல்லி, "செகண்ட், இன்னைக்கு ஹினெப்ரா ஆட்டம் இருக்கு. இதைப் பார்க்காம ஊருக்குப் போயிடாதீங்க" என்றான். ஹினெப்ரா ஒரு கூடைப்பந்து அணி. பெயரை ஜினெப்ரா என்று எழுதுகிறார்கள், ஆனால் அங்கே யாரைக் கேட்டாலும் ஹினெப்ராதான்.

நான் தூத்துக்குடிக்காரன். கடற்கரையில் கட்டுமரத்துக் கட்டைகளைக் கோல் போஸ்ட்டாக வைத்து வெறுங்காலில் கால்பந்து ஆடி வளர்ந்தவன். உலகத்தில் முதல் விளையாட்டு எது என்று கேட்டால் யோசிக்காமல் கால்பந்து என்பேன். கூடைப்பந்து அதற்கு ஈடாக வருமா என்ற பேச்சை நான் காதில் வாங்கியதே இல்லை. அதை வாங்க வைத்தது கப்பல்தான்.

பல்க் கேரியரில், அதாவது தானியம், நிலக்கரி போன்றவற்றை மூட்டை கட்டாமல் ஏற்றும் கப்பலில், சரக்கு இல்லாமல் நங்கூரத்தில் கிடக்கும் நாட்களில் பிலிப்பினோக்கள் முதலில் தேடுவது ஒரு வளையத்தைத்தான். எங்கள் ஃபிட்டர் 18 மில்லிமீட்டர் கம்பியை வளைத்து, உள்விட்டம் 45 சென்டிமீட்டர் வருகிறதா என்று டேப் வைத்து இரண்டு தடவை அளந்தார். ஹோல்டுக்குள், அதாவது சரக்கறைக்குள், வெல்டிங் வேண்டாம் என்று நான் சொன்னதால், யு-போல்ட் போட்டு ஏணியோடு இறுக்கினார். உயரம் சரியாகப் பத்தடி, அதாவது 3.05 மீட்டர். கப்பலைக் கரையில் கட்டும் பழைய மூரிங் கயிற்றின் இழையைப் பிரித்து வலையும் பின்னினார்கள். சரக்கறையின் மூடியான ஹேட்ச் கவரைத் திறந்துவிட்டால் மேலே வானம், கீழே டேங்க் டாப் எனும் இரும்புத் தளம். பந்து ஒவ்வொரு முறை குதிக்கும்போதும் ஹோல்டு முழுக்கக் கோவில் மணி மாதிரி அதிரும். அதே கப்பலில் நான் டெக்கில் கால்பந்து ஆடிப் பார்த்தேன். மூன்று பந்து கடலோடு போயிற்று. இடம் குறுகிய ஊரில் எந்த விளையாட்டு பிழைக்கும் என்பது அன்றைக்கு எனக்கு விளங்கியது.

சரி, ஹினெப்ரா ஆட்டம் நடந்த அரனேட்டா கொலீசியம் என்ற உள்ளரங்கத்துக்கு வருவோம். இருப்பது கெசோன் சிட்டியின் குபாவோ பகுதியில். மணிலாவின் எர்மிட்டா பகுதியில் தங்கியிருந்தால் எல்ஆர்டி என்ற நகர ரயிலின் ஒன்றாம் தடத்தில் யுனைட்டட் நேஷன்ஸில் ஏறி, டொரோட்டேயோ ஹோசேயில் இறங்கி, நடைபாலம் வழியாக ரெக்டோ போய், இரண்டாம் தட ரயிலைப் பிடித்தால் அரனேட்டா சென்டர் குபாவோ நிலையத்தில் இறங்கலாம். நாங்கள் டாக்சி எடுத்தோம். மழை, நெரிசல், போதாததற்கு ஓட்டுநர் மீட்டரை அணைத்துவிட்டுத் தனியாகப் பேரம் பேசினார். அன்று அடுத்தடுத்து இரண்டு ஆட்டம், அதில் முதலாவதில் பாதி போய்விட்டது. நீங்கள் ரயிலிலேயே போங்கள்.

1960-இல் திறந்த கட்டடம் இது. முகமது அலியும் ஜோ ஃப்ரேசியரும் 1975-இல் மோதிய குத்துச்சண்டை இதே கூரையின் கீழ்தான் நடந்தது. ஆசியாவின் முதல் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான பிபிஏ தொடங்கியதும் அதே 1975-இல்தான். நடுவில் ஒரு தூண் கிடையாது. அதனால் ஜென் ஆட் (ஜெனரல் அட்மிஷன்) எனும் மிக மலிவான மேல் வரிசையிலிருந்தும் முழு ஆடுகளமும் தெரிகிறது. ஆட்டக்காரர்கள் விரல் அளவுதான் தெரிவார்கள், ஆனால் சத்தம் பிறப்பதே அந்த மேல் வரிசையில்தான். ஹி-நெ-ப்ரா என்று மூன்று துண்டாகக் கத்தி, ஒவ்வொரு துண்டுக்கும் காலால் தரையை உதைக்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே அந்த அதிர்வு ஏறியது.

எனக்கு முன் வரிசையில் எழுபது தாண்டிய ஒரு பாட்டி. ஜினெப்ரா ஜெர்சி, கையில் ஜெபமாலை. எங்கள் அணி ஆள் ஃப்ரீ த்ரோ போட வந்து நின்றதும் மணியை உருட்ட ஆரம்பித்துவிடுவார். பந்து உள்ளே விழுந்தால் மாலையை முத்திக்கொண்டு மடியில் வைப்பார், விழாவிட்டால் அடுத்த மணிக்குப் போவார். பனிமய மாதா கோவிலில் எங்கள் ஆச்சி உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. "எங்கள் அணி" என்று எழுதிவிட்டேன், பார்த்தீர்களா? ஒரே சாயங்காலத்தில் அப்படி ஆகிவிடுகிறது.

ஒரு விஷயம் எனக்கு ஒட்டவே இல்லை. இந்த லீகில் ஊருக்கு ஒரு அணி கிடையாது, கம்பெனிக்கு ஒரு அணி. ஜினெப்ரா என்பது ஒரு ஜின் பெயர். இன்னொன்று பெயிண்ட், மற்றொன்று மின்சாரக் கம்பெனி. ஒரு பெயிண்டுக்காக எப்படித் தொண்டை கிழியக் கத்துவது என்று கேட்டேன். "எங்கப்பா ஹினெப்ரா, அதனால நானும் ஹினெப்ரா" என்றான் ஆயிலர். அதற்கு மேல் கேட்க எனக்கும் ஒன்றுமில்லை.

குறை என்று சொன்னால் ஆட்டத்தின் நடையைத்தான் சொல்வேன். 12 நிமிடம் வீதம் நான்கு குவார்ட்டர். ஆனால் டைம் அவுட், ஃபவுல், விளம்பரம் என்று நின்று நின்று போகிறது. கடைசி இரண்டு நிமிடம் கால் மணி நேரத்துக்கு மேல் இழுத்தது. 45 நிமிடம் மூச்சு விடாமல் ஓடும் கால்பந்துக்குப் பழகிய உடம்புக்கு இது கஷ்டம். ஆனால் அந்தக் கடைசி நிமிடத்தில் பாட்டியின் கை ஓயவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்த நாட்டில் கால்பந்து ஏன் இரண்டாம் இடத்தில் இருக்கிறது? அமெரிக்கர் ஆட்சியில் ஒய்எம்சிஏவும் பள்ளிக்கூடங்களும் கூடைப்பந்தைக் கொண்டுவந்தன. 1913-இல் மணிலாவில் நடந்த தூரக்கிழக்கு விளையாட்டுப் போட்டியில் பிலிப்பைன்ஸ் ஜெயித்தது. 1954-இல் உலகச் சாம்பியன்ஷிப்பில் வெண்கலம். அப்புறம் விட்டுவிடுவார்களா? 2023 ஆகஸ்ட் 25 அன்று உலகக் கோப்பையின் முதல் நாளில் பொக்காவேயிலுள்ள பிலிப்பைன் அரீனாவில் 38,115 பேர் கூடினார்கள். உலகக் கோப்பைக் கூடைப்பந்தில் அதுதான் சாதனை. அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, பெண்கள் கால்பந்து உலகக் கோப்பையில் இதே நாட்டுப் பெண்கள் நியூசிலாந்தை 1-0 என்று வீழ்த்தியிருந்தார்கள். ஆயிலர் அதைப் பற்றிப் பெருமையாகத்தான் பேசினான், ஆனால் கோல் போட்டது யார் என்று அவனுக்குத் தெரியவில்லை. சரீனா போல்டன் என்று நான்தான் சொன்னேன்.

உலகம் முழுவதும் இப்படி ஆகுமா? கூடைப்பந்து கால்பந்தை நெருங்கி வரும் என்றே நினைக்கிறேன். 2019 முதல் 2025 வரை அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏவின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கிய ஒருவர்கூட அமெரிக்காவில் பிறக்கவில்லை. கிரீஸ், செர்பியா, கேமரூன், கனடா என்று போகிறது பட்டியல். 2011-இல் சுதந்திரம் வாங்கிய தெற்கு சூடான், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் போர்ட்டோ ரிக்கோவை ஜெயித்தது. அதற்கு முன் லண்டனில் நடந்த நட்பு ஆட்டத்தில் அமெரிக்கா அவர்களிடம் ஒரே புள்ளியில், 101-100 என்று தப்பித்தது.

ஆனால் முந்தும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கால்பந்தில் சின்ன அணி பெரிய அணியைச் சாய்க்க ஒன்றிரண்டு கோல் போதும். 2022-இல் சவூதி அரேபியா அர்ஜென்டினாவை 2-1 என்று சாய்த்தது அப்படித்தான். கூடைப்பந்தில் ஒவ்வொரு ஆட்டத்திலும் நூறு புள்ளி பக்கம் போகிறது. அத்தனை தடவை பந்து போகும்போது பலசாலி எப்படியும் மேலே வந்துவிடுவான். உயரமும் ஒரு தடை. பிபிஏவில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களை அனுமதிக்கும் தொடர்களில் ஒவ்வொரு அணியும் இம்போர்ட் என்று ஒரு வெளிநாட்டுக்காரரைக் கூட்டி வருகிறது, பெரும்பாலும் அமெரிக்கர். எங்கள் ஆயிலர் ஐந்தடி ஐந்தங்குலம். ஹோல்டில் ஆடும்போது உயரமானவர்களின் கைக்கு மேலே பந்தை மெதுவாக மிதக்க விடுவான், அது வலையில் சத்தமில்லாமல் இறங்கும். இத்தனை அழகாக ஆடுகிறவனுக்கு எந்தப் பெரிய அணியிலும் இடமில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அதே உயரக்காரன் கால்பந்தில் மாரடோனாவாக ஆகியிருக்கிறான்.

இரண்டு ஆட்டத்துக்கும் ஒரே டிக்கெட், கொடுத்த காசுக்கு மேல் கிடைத்தது. போகிறவர்கள் முதல் தடவை ஜென் ஆட்டிலேயே உட்காருங்கள். அப்பர் பாக்ஸ், லோயர் பாக்ஸ் போன்ற விலை கூடிய இருக்கைகள் எல்லாம் அடுத்த முறைக்கு. ஜினெப்ரா ஆடும் நாளாகப் பார்த்துப் போங்கள், டிக்கெட்டை முன்னாலேயே எடுத்துவிடுங்கள்.

வெளியே வரும்போது ஆயிலர் ஒரு கடையில் கூடைப்பந்து வாங்கினான், ஏழாம் நம்பர் அளவு, ரப்பர். அடுத்த கப்பலுக்காம். காற்றை இறக்கி, தட்டையாக மடித்து, என் பையில் போட்டுவிட்டான். அவன் பையில் வீட்டுக்கு வாங்கிய சாக்லேட் நிறைந்திருந்தது.