மாடியா, புறவாசலா, சந்தையா: ஒரு பாளையங்கோட்டைக் கணக்கு

வீட்டில் காய் வளர்த்தால் காசு மிச்சமாகுமா என்று கேட்டால் எல்லோரும் உடனே ஆமாம் என்கிறார்கள். எவ்வளவு என்று கேட்டால் பதில் வருவதில்லை. அதனால் 2023 தை மாதம் மாடியில் இருபது செடிப் பை வைத்த நாளிலிருந்து ஒரு நோட்டுப் போட்டு எழுதி வந்தேன். ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு பேர் இருந்தார்கள். ஒன்று, கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் என் அத்தை. நீளமான பழைய வீடு, பின்னால் கிணற்றடி, அதற்கும் பின்னால் அரை நூற்றாண்டாகச் சாணமும் சாம்பலும் விழுந்து கறுத்த மண். இன்னொன்று மகாராஜா நகர் உழவர் சந்தை. ஒன்றும் வளர்க்காமல் அங்கேயே வாங்கிவிட்டால் என்ன ஆகும் என்பதும் கணக்கில் வர வேண்டும் அல்லவா?

முதலில் என் மாடி. பை 800 ரூபாய், தென்னை நார்க்கழிவுக் கட்டி 450, மண்புழு உரம் 1,200, செம்மண்ணும் அதை மேலே ஏற்றிய கூலியும் 700, நிழல்வலையும் கம்பும் 1,400, விதை 150. ஆக 4,700 ரூபாய். தோட்டக்கலைத் துறை மானியத்தில் கொடுக்கும் மாடித் தோட்டத் தளையை (கிட்) வாங்கியிருந்தால் இது குறைந்திருக்கும். எனக்கு அது தெரிய வந்தது பிறகுதான். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் அங்கே போய்க் கேளுங்கள்.

அந்த ஒரு வருடத்தில் வந்தது: கீரை 70 கட்டு, கத்தரிக்காய் 12 கிலோ, தக்காளி 8, வெண்டைக்காய் 7, மிளகாய் 2. இதையே சந்தையில் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கீரை கட்டு 15, கத்தரியும் வெண்டையும் கிலோ 40, தக்காளி 30, மிளகாய் 60 என்று நடுவாந்திர விலை போட்டேன். மொத்தம் 2,170 ரூபாய்தான். முதல் வருடம் கையை விட்டுப் போனது 2,530.

ஆனால் அந்த 2,170-ஐப் பிரித்துப் பாருங்கள். கீரை மட்டும் 1,050. இருபது பையில் கீரை இருந்தது ஆறே பையில். மீதிப் பதினாலு பையும் சேர்ந்துதான் மற்றப் பாதியைக் கொடுத்தன. நான் கற்றுக்கொண்டதில் பெரிய விஷயம் இதுதான். அரைக்கீரை விதைத்து இருபத்தைந்து நாளில் கிள்ளலாம், கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். வெண்டைக்கு நாற்பத்தைந்து நாள் காத்திருக்க வேண்டும். அப்புறமும் ஒரு செடி ஒரு நாளைக்கு ஒரு காய்கூடத் தராது. நாலு பேர் சாப்பிட ஒரு வெஞ்சனம் வைக்கப் பத்துப் பன்னிரண்டு செடியாவது வேண்டும். என்னிடம் இருந்தது எட்டு. பறித்த காயை ஃபிரிட்ஜில் சேர்த்துச் சேர்த்து வைத்து, முற்றிப் போனதைக் களைந்த நாட்கள் நிறைய.

தக்காளியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது எல்லோருக்கும் நினைவிருக்கும். இப்படிப்பட்ட நேரத்துக்குத்தானே வீட்டுச் செடி என்று நானும் நினைத்தேன். அந்த மாதம் என் நாலு பையிலும் பூ உதிர்ந்து கிடந்தது. இரவிலும் சூடு தணியாவிட்டால் தக்காளிப் பூவில் மகரந்தம் சரியாகச் சேராது, பிஞ்சு பிடிக்காது. விவசாயியின் வயலை அடிக்கிற வெயிலும் மழையும் என் மாடியையும் அடிக்கத்தான் செய்யும். மார்கழி, தையில் என் செடி காய்த்தபோது சந்தையிலும் தக்காளி குவிந்து கிடந்தது. விலை ஏறும்போது நம்மிடம் இல்லை, இறங்கும்போது நம்மிடமும் நிறைய. காசு மிச்சம் பிடிக்கத் தக்காளி வைக்காதீர்கள். வீட்டுப் பழத்தின் ருசிக்காக வைப்பதென்றால் சரி.

அடுத்தது காற்று. 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பார்கள். ஆனால் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று ஆனி, ஆடியில் நம் பக்கம் எப்படி அடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை, கயத்தாற்றில் வரிசையாகச் சுற்றும் காற்றாலைகளைப் பார்த்தாலே தெரியும். அது மொட்டை மாடியில் அவரைப் பந்தலை விட்டு வைக்காது. என் நிழல்வலை இரண்டு முறை கிழிந்தது. இப்போது மாடியில் கொடி வகை எதுவும் கிடையாது. கைப்பிடிச் சுவரை ஒட்டிக் குட்டைச் செடிகள் மட்டும்.

தண்ணீர்? சித்திரையில் பைக்கு இரண்டு லிட்டர், இருபது பைக்கு நாற்பது, தினமும். குழாயில் ஆற்றுத் தண்ணீர் வரும் நாளில் கவலையில்லை. வராத நாளில் போர் தண்ணீர்தான். எங்கள் தெருவில் அது உப்பு. நார்க்கழிவில் உப்புத் தங்கி இலை ஓரம் கருகிவிடும். மேலே ஏறி இறங்கும் முழங்காலுக்கும் ஒரு விலை உண்டு, அதை நான் நோட்டில் எழுதவில்லை.

இனி அத்தை வீட்டுப் புறவாசல். அத்தையிடம் எவ்வளவு செலவானது என்று கேட்டால், "செலவா? பக்கத்து வீட்டு மதினி குடுத்த வெதைட்டி அது" என்பாள். முருங்கை ஒன்று, கறிவேப்பிலை ஒன்று, வாழை மூன்று கன்று, கிணற்றடி ஓரமாய் இரண்டு கீரைப் பாத்தி, தொழுவத்து ஓட்டின் மேல் ஏறிய சுரைக்கொடி, வேலி ஓரம் சீனியவரை (கொத்தவரை). குளித்த தண்ணீர் வாழைக்கு, அரிசி களைந்த கழுநீர் கறிவேப்பிலைக்கு. மண் ஈரத்தைப் பிடித்து வைப்பதால் மாடியில் தினம் ஊற்றுவதை இங்கே ஒருநாள் விட்டு ஒருநாள் ஊற்றினால் போதும்.

அந்த ஒற்றை முருங்கை மரத்துக்கு ஈடாக என் இருபது பையையும் வைக்க முடியாது. காய்க்காத மாதத்திலும் கீரை உண்டு. வெள்ளிக்கிழமை கூட்டாஞ்சோற்றுக்குக் கத்தரிக்காயும் மாங்காயும் மட்டும்தான் கடையில் வாங்குவாள். முருங்கைக்கீரை, சீனியவரை, வாழைக்காய் எல்லாம் வீட்டிலேயே. மொத்தத்தில் அத்தைக்கு மாதம் நானூறு ரூபாய்க்குக் குறையாமல் மிச்சம் என்று நானே உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சொன்னேன்.

புறவாசலுக்கும் தொல்லை உண்டு. மயில். முளைத்து வரும் நாற்றையும் மிளகாயையும் ஒரு காலையில் கொத்தித் தீர்த்துவிடும், அத்தை பழைய சேலையைக் கட்டித்தான் பாத்தியைக் காக்கிறாள். மழைக்குப் பிறகு முருங்கையில் கம்பளிப்பூச்சி அப்பிவிடும், அந்த வாரம் யாரும் மரத்தடிக்குப் போக முடியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் புறவாசல் முழுக்கத் தண்ணீர் நின்று கீரை அழுகியது, அந்த முருங்கையும் சாய்ந்தது. என் மாடிப் பைகள் அடி வாங்கினாலும் பிழைத்தன. ரோடு துண்டித்து, காய் வரத்து இல்லாத அந்தச் சில நாளில் எங்கள் வீட்டிலும் கீழ் வீட்டிலும் சோற்றுக்குத் துணையாய் இருந்தது மாடிக் கத்தரிக்காய்தான். அந்த நாளை ரூபாயில் எழுத எனக்கு மனசு வரவில்லை.

சந்தையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெளிக்கடையை விட விலை குறைவு, விவசாயியே தராசைப் பிடிக்கிறார், பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது. விடியற்காலை போனால் நல்ல காய். கடை கட்டும் நேரத்தில் போனால் குறைந்த விலை. சின்ன வெங்காயம், உருளை, கேரட், பீன்ஸ் எல்லாம் எப்படியும் வாங்கத்தான் வேண்டும். தெருக்கடையில் வாங்கிக் கொண்டிருந்ததைச் சந்தைக்கு மாற்றியதில் மட்டும் எனக்கு வாரம் அறுபது, எழுபது ரூபாய் குறைந்தது. வருடத்துக்கு மூவாயிரத்துக்கும் மேல். மாடி கொடுத்ததை விட அதிகம், ஒரு பைசா முதல் போடாமல்.

அதனால் காசு மட்டும்தான் நோக்கம் என்றால் என் வரிசை இது: மண் இருந்தால் புறவாசல், இல்லாவிட்டால் சந்தை, அதற்கப்புறம்தான் மாடி. மாடியிலும் வாரம் மூன்று முறை தேவைப்படுவதையும், வாங்கிய மறுநாளே வாடிப்போவதையும் மட்டும் வையுங்கள். 2024-ல் அப்படித்தான் மாற்றினேன். பன்னிரண்டு பை கீரை, நாலு கத்தரி, இரண்டு மிளகாய், இரண்டு புதினா. உரமும் விதையும் 900 ரூபாய். கிடைத்தது, புதினாவைச் சேர்க்காமலே, 2,700. முதல் வருட நட்டத்தில் இன்னும் 730 பாக்கி நின்றது. அதற்குள் நாலைந்து பை வெயிலில் இற்றுக் கிழிய ஆரம்பித்ததால் பெயிண்ட் வாளிகளைச் சேர்த்து வருகிறேன்.

சாய்ந்த முருங்கையை வெட்டிய அன்று அத்தை கை நீளத்துக்கு நாலு போத்து வெட்டி, நுனியில் சாணம் அப்பி ஈரச் சாக்கில் சுற்றி வைத்தாள். மூன்றை அவளே நட்டாள். ஒன்றை நான் பஸ்ஸில் கொண்டுவந்தேன். வாடகை வீடு என்பதால் வீட்டுக்கார அண்ணாச்சியிடம் கேட்டேன். "காம்பவுண்டுச் சுவரு ஓரமா வைங்கம்மா, எங்களுக்கும் ரெண்டு காய் குடுங்க" என்றார். போன மாதம் அதில் காய்த்த ஒன்பது காயில் நாலு அவர்கள் வீட்டுக்குப் போனது. மீதி ஐந்தும் எங்கள் சொதியில்.