சிவகாசித் தீப்பெட்டி லேபிள் கட்டு: பெட்டிக்குப் படம் வரைபவர்கள் வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். இனிப்புப் பெட்டிக்கோ சோப்பு உறைக்கோ பழைய சாயலில் வரைய, இணையத்தில் விற்கும் 'ரெட்ரோ' படத் தொகுப்புகளைவிட, பழைய தீப்பெட்டி லேபிள்களைச் சேர்த்து விற்கும் இந்தக் கட்டுகள் பல மடங்கு மேல். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்று வந்து சிவகாசியில் தீப்பெட்டி செய்யத் தொடங்கினார்கள். லேபிள் தேவையை ஒட்டி அச்சுத் தொழிலும் அங்கே வளர்ந்தது. பக்கத்துக் கோவில்பட்டியில் ஓவியர் கொண்டையராஜுவும் சீடர்களும் வரைந்த காலண்டர் படங்கள் அச்சானதும் சிவகாசியில்தான். காலண்டர் ஒன்றையும் சேர்த்து வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், உறவு புரியும்.

ஒரு லேபிளில் ஏறக்குறைய 5 செ.மீ.க்கு 3.5 செ.மீ. இடம்தான். அதற்குள் நடுவில் ஒரு புலியோ கிளியோ சாவியோ, பின்னால் விரியும் கதிர்கள், கீழே நாடாவில் பெயர். மூன்று நான்கு மையில் வேலை முடிந்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் படத்தைச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும் என்பதால் உருவத்தின் வெளிக்கோடு அவ்வளவு தெளிவாக இருக்கும். இந்தக் கட்டுகளிலிருந்து படிக்க வேண்டிய பாடமே இதுதான்.

பெட்டியிலிருந்து உரித்த லேபிள்களைத் தவிர்த்து, ஒட்டாத லேபிள்களாகக் கேளுங்கள். பசைக் கறையும் கிழிசலும் இருக்காது. மறு அச்சும் கலந்து வரும். 10 மடங்கு லென்ஸில் பாருங்கள்: ஆஃப்செட் அச்சில் புள்ளிகள் ஒழுங்கான வரிசையில் நிற்கும், கல்லில் வரைந்து அச்சிடும் பழைய கல் அச்சில் கையால் வைத்த ஒழுங்கற்ற புள்ளிகள் தெரியும், தூவியதுபோல் சிதறியிருந்தால் இன்க்ஜெட் நகல்.

ஸ்கேன் 1200 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) எடுங்கள். அப்படி எடுத்த 5 செ.மீ. லேபிளை 300 டிபிஐ-யில் அச்சிட்டால் 20 செ.மீ. அகலம் வரை தாங்கும். 300-இல் எடுத்துப் பெரிதாக்கினால் விவரம் போய்விடும், அச்சுப் புள்ளிகளும் ஸ்கேனரும் மோதி அலை அலையாகக் கோலம் விழும்.

பலரும் தவறுவது நிறத்தில். வெயில் பட்ட லேபிளில் மஞ்சளும் சிவப்பும் முதலில் வெளுக்கும், நீலமும் கறுப்பும் தங்கும். அந்த மங்கலை அப்படியே நகலெடுத்து, மேலே காபிக் கறையும் பூசி 'பழமை' என்கிறார்கள். அச்சான அன்று அது கண்ணைப் பறித்த லேபிள்! கட்டின் நடுவே வெளிச்சம் படாமல் கிடந்ததை எடுத்து நிறத்தை அளவெடுங்கள். வண்ணம் சற்று விலகி விழுந்த அச்சுப் பிழை வேண்டுமானால் ஒரு நிறத்தை அரை மி.மீ. நகர்த்தினால் போதும், எழுத்தைத் தொடாதீர்கள்.

ஒரு தாளில் பல லேபிள் அச்சிட்டு வெட்டியதால் ஓரக்கட்டம் ஒரு பக்கம் ஒல்லியாகவே இருக்கும். உங்கள் பெட்டியில் அது குறையாகத் தெரியும். வெட்டு விளிம்புக்கு வெளியே 3 மி.மீ. கூடுதல் நிறம் விடுங்கள், மெல்லிய ஓரக்கோட்டை அந்த விளிம்பிலிருந்து 4 மி.மீ.யாவது உள்ளே தள்ளுங்கள்.

அமைப்பைக் கற்றுக்கொண்டு படத்தைப் புதிதாக வரையுங்கள். ஓவியர் பெயர் தெரியாத படத்துக்கும் இந்தியச் சட்டப்படி வெளியானதிலிருந்து 60 ஆண்டு பதிப்புரிமை உண்டு. புழக்கத்தில் உள்ள வணிகச் சின்னம் அதற்குப் பிறகும் தொடக்கூடாதது. இந்தக் கட்டுகளில் சாமி படங்களும் நிறைய வரும். கிழித்துக் குப்பையில் போடும் உறைக்கு அவை வேண்டாம்.